போன்சாய் தட்டில் நெளிந்த புழு



இத்தாலியின் பராபியாகோவில் உள்ள கிரெஸ்பி போன்சாய் அருங்காட்சியகத்தில் 3 மீட்டர் உயர அத்தி இன போன்சாய் உண்டு. அதன் படம் பார்த்து எனக்கும் ஆசை.

முதல் ஆலங்கன்று செத்தது. நம்ம கரிசல் மண்ணைத் தொட்டியில் போட்டது என் தப்பு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும், வேருக்குக் காத்து போகாது.

அடுத்ததுக்கு செங்கல் ஜல்லி, பெருமணல், மட்கிய உரம். பிழைச்சிக்கிச்சு. 15 வருசத்தில் 4 அடி.

கோவில்பட்டியில் என் கிளினிக் வாசலில் வெச்சேன். வர்றவங்க பக்கத்தில் நின்னு போட்டோ எடுப்பாங்க. பெருமைதான்.

போன மழைக்காலத்தில் சுகர் மாத்திரைக்கு வந்த பாட்டி மரத்தைப் பார்க்கல. தொட்டிக்கு அடியில் இருந்த தட்டைப் பார்த்தாங்க.

"டாக்டரய்யா, இதுல புழுவுல்லா நெளியுது?"

கொசுப்புழு. "தண்ணியை மூடி வைங்க"ன்னு ஊருக்கே சொன்னவன் நான்.

அதே வாரம் என்னிடம் வந்த 2 பிள்ளைகளுக்கு டெங்கு. கடிச்சது என் வாசல் கொசுவா? கண்டுபிடிக்க வழியில்லை. அதுதான் இன்னும் உறுத்துது.

ஏடிஸ் முட்டை கொசுவாக எட்டு, பத்து நாள் போதும். தட்டு காய்ந்தாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாசக்கணக்கில் உயிரோடிருக்கும். கவிழ்த்தால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை தேய்ச்சுக் கழுவுங்க.

பிள்ளைகள் இருவரும் நலம். மரமும் வாசலில்தான் இருக்கு. தட்டு மட்டும் இல்லை.