சாரலும் துருவும்

குற்றாலத்துச் சாரலைப் புகழாதவர்கள் குறைவு. அதைத் திட்டுகிறவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் இருக்குமானால், அதில் நாங்கள் இருவரும் உண்டு. ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் ஈரக்காற்று ஊராருக்குச் சுகம். எங்கள் கொட்டகையில் நிற்கும் காருக்கு நோய். நாங்கள் தென்காசியில் ஒரே தெருவில் குடியிருக்கும் நண்பர்கள். ஒருவர் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர், மற்றவர் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். இருவரும் பங்கு போட்டு வைத்திருப்பது 1970ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3.

இளைய வாசகர்களுக்கு ஒரு சொல். ஹெரால்ட் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட கார். பம்பாயில் ஃபியட்டும் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் அம்பாசடரும் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1961 முதல் இதைச் செய்தது. மூலம் 1959இல் பிரிட்டனில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. பிரிட்டிஷ் காருக்கு இரண்டு கதவுகளே. நான்கு கதவு வைத்தது வண்டலூர். எஞ்சின் 948 சி.சி. மூலக் கம்பெனிக்கு முழு உடலையும் ஒன்றாக அச்சடித்துத் தர ஆலை வாய்க்கவில்லை. ஆகவே தனிச் சேஸியின் மேல் உடலைத் துண்டு துண்டாக வைத்துப் போல்ட்டால் முடுக்கினார்கள். அன்றைய அந்தக் குறைதான் இன்று எங்களைப் போன்றவர்களுக்கு வரம். முன்பக்கம் முழுவதும், மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்தே, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடி எஞ்சின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் இதை ஓட்டுவது ஒரு தனிச் சந்தோஷம்.

துரு எங்கே தொடங்குகிறது என்பது புதிதாக வருபவர்களுக்கு வியப்பளிக்கும். மழை நேரே விழும் கூரையில் அல்ல. கண்ணுக்குப் படாத உட்புறங்களில். கதவின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. சருகும் மண்ணும் அவற்றை அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அரித்துப்போகும். சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் ஹெரால்டின் பலவீனம். சக்கரம் வாரியடிக்கும் சேறு அங்கே தங்கி நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அருவியில் குளித்தவர்கள் ஈரத்துணியோடு ஏறி உட்கார்ந்தால் அந்த நீரும் தரைவிரிப்பின் கீழ் இறங்கும். ஐந்தருவிக்குப் போய்வந்த அன்றே விரிப்பைத் தூக்கிக் காயப்போடுவது, கதவுத் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுவது, சேஸிக் கைகளைக் கழுவி உலர்த்துவது என்று எங்களுக்கு ஒரு நியமம் உண்டு. டிரம் பிரேக்குகள் நனைந்தால் சரியாகப் பிடிக்காது. தண்ணீரைக் கடந்தபின் மிதியை லேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டிச் சூட்டில் உலரவிட வேண்டும்.

இவற்றைச் சொல்லித்தந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். நாங்கள் அண்ணாச்சி என்றே அழைப்போம். இன்றைய பட்டறைகளில் எம்.எம். ஸ்பேனர்தான் புழக்கம். ஹெரால்டின் நட்டுகளோ அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டுக்கு 13 எம்.எம். ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும்; அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் நட்டின் மூலைகள் மழுங்கிப்போகின்றன. அண்ணாச்சியிடம் 7/16, 1/2, 9/16 என்று எழுத்துத் தேய்ந்த ஸ்பேனர்கள் ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவில் இருக்கின்றன. செய்த கம்பெனி 1980களின் இறுதியில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிபாகம் வேண்டுமென்றால் சென்னைப் புதுப்பேட்டையில் தேட வேண்டும். அங்கும் கிடைக்காத புஷ்ஷை லேத் பட்டறையில் கடைந்துகொள்ள வேண்டும். அளவு சொல்ல அண்ணாச்சி வேண்டும்.

இந்த வேலையில் இறங்கியதும் தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான ஒரு கேள்வி எழுந்தது. எது மூலம், எது இடைச்செருகல்? கதவின் வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டினால் கீழே பச்சை, அதற்கும் கீழே வெளிர்நீலம். டைனமோ இருந்த இடத்தில் யாரோ ஆல்டர்னேட்டர் பூட்டியிருந்தார். பின் மட்கார்டில் தகரம் போன இடத்தைப் பட்டி வைத்து நிரப்பியிருந்தார் இன்னொருவர். குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., ‘கம்பர் தரும் ராமாயணம்’ பதிப்பித்தபோது, கம்பன் பாடியதல்ல என்று தம் செவிக்குத் தோன்றிய பாடல்களை விலக்கினார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். அறிஞர்கள் பலர் சினந்தார்கள். உ.வே.சா.வின் வழி வேறு. ஏடுகளில் கண்ட பாடபேதங்களை அவர் குறித்துவைத்தார். எங்களில் ஒருவர் டி.கே.சி. கட்சி, மற்றவர் ஐயர் கட்சி. சண்டை பல மாலைகள் நீடித்தது.

கடைசியில் சமரசம் இப்படி அமைந்தது. பட்டியை முழுவதும் எடுத்தோம், ஏனென்றால் அது ஈரத்தை மறைத்துவைக்கும் பொய். வெட்டி எடுத்த இடத்தில் டிங்கர் புதுத் தகரம் வைத்து வெல்டு செய்தார். ஆல்டர்னேட்டரை விட்டுவைத்தோம். சாரலில் விளக்கும் வைப்பரும் சேர்ந்து ஓடும்போது, மெதுவாகச் செல்லும் வண்டியில் டைனமோ தரும் மின்சாரம் போதாது. பழைய டைனமோ துடைத்துச் சீட்டுக் கட்டி அலமாரியில் இருக்கிறது. எதை எடுத்தோம், எதை வைத்தோம், ஏன் என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் தேதியோடு பதிவாகிறது. அதுதான் எங்கள் பாடபேதக் குறிப்பு.

நீர் இப்போது பெட்ரோல் வழியாகவும் வருகிறது. 2025இல் நாடெங்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய ரப்பரைக் கெடுக்கும். நாங்கள் குழாய்களையும் பம்பின் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினோம். சாரல் மாதங்களில் டேங்கைக் காலியாக விடுவதில்லை. காலி இடத்தில்தான் ஈரக்காற்று குடியேறும்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் சட்டத்திலிருந்து வந்தது. 2021 ஜூலையில் மத்திய அரசு, 50 ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாடற்ற, அடிப்படையில் மாற்றப்படாத வாகனங்களுக்குத் தனிப் பதிவுமுறை கொண்டுவந்தது. கட்டணம் 20,000 ரூபாய்; 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். கௌரவம்தான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, ஆய்வு, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் எடுக்கலாம், அன்றாடம் ஓட்டக்கூடாது. சாதாரணப் பதிவிலேயே இருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கான அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று; 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ரூபாய். ஒரு சோதனையில் தேறாவிட்டால் வண்டி நின்றுவிடும்.

வங்கிக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துப் புதுமுறையே மேல் என்றார். பழம்பொருளுக்குப் பாதுகாப்பு, பத்தாண்டு நிம்மதி. எங்கள் வயதில் நிம்மதி சிறிய விஷயமல்ல. அண்ணாச்சியிடம் கேட்டோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வண்டிய நிப்பாட்டிப் போட்டா சீல் எல்லாம் காஞ்சு போயிரும் சார். பிரேக் சிலிண்டர் இறுகிப்போகும். ஓடுற வண்டிதான் நிக்கும்.” உலகப் பழங்கார் அமைப்பான ஃபிவா 2012இல் வகுத்த டூரின் சாசனமும் சாராம்சத்தில் இதையே பேசுகிறது. பழைய வாகனத்தைப் பாதுகாப்பதில் அதைச் சாலையில் இயக்குவதும் ஒரு பகுதி. இயக்கத் தெரிந்தவர்களின் அறிவு அப்படித்தான் அடுத்தவர்களுக்குக் கடத்தப்படும் என்பது அதன் கருத்து.

அந்த அறிவுதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. கோவையின் கார் அருங்காட்சியகத்தில் அழகாக நிற்கும் வண்டிகளைப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாங்கள், அருங்காட்சியகங்கள் வேண்டும். ஆனால் நிற்கும் காருக்கு எத்தனை குளிரில் சோக்கை எவ்வளவு இழுப்பது என்று தெரிந்த ஆள் தேவையில்லை. அண்ணாச்சிக்குப் பின் அந்தப் பிஸ்கட் டப்பாவைத் திறக்க ஓர் ஆள் வேண்டுமென்றால், இந்த ஊரில் ஒரு ஹெரால்டாவது பழுதாகிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே சாதாரணப் பதிவையே புதுப்பித்தோம். இப்போது சனிக்கிழமைகளில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு பையன் பட்டறைக்கு வருகிறான். முதல் மாதம் அவனுக்கு அண்ணாச்சி தந்த வேலை, நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்து வைப்பது. சென்ற வாரம் எங்கள் நோட்டில் முதன்முறையாக அவன் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: இடது முன் பிரேக், ரப்பர் மாற்றப்பட்டது.