முன்வரிசை எனக்கு

ஜனவரி 8
பனி விலகவில்லை. பால் வாங்கப் போன இடத்தில், “முட்டிக்குள்ள இரும்பு வெச்சிருக்காங்களே, இந்தக் குளிருக்கு ஜில்லுன்னு இருக்காதா சார்?” என்று ஒருவர் கேட்டார். எனக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆனது தேன்கனிக்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும். முட்டியையே கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டுவதாக நினைக்கிறார்கள். தேய்ந்த எலும்பு முனைகளைச் சீவி, கோபால்ட்-குரோமியம் கலவையில் உறை போட்டு, நடுவில் பாலிஎதிலீன் தட்டு வைப்பார்கள், அவ்வளவுதான். ஓசூர் சிப்காட்டில் லேத்தில் நின்றே வயதான எனக்கு இது புஷ் மாற்றுகிற வேலைதான். புஷ்ஷுக்கு லோடு கணக்கு உண்டு. அந்தத் தட்டும் தேயும்.

ஜனவரி 21
பிசியோ பயிற்சி: குதிகாலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். மடக்குவதைவிட முழுதாக நீட்டுவதுதான் உயிரை வாங்குகிறது. எப்போது ஷட்டில் ஆடலாம் என்றேன். “தொடையில பலம் வரட்டும்ணா. கையை ஊணாம நாற்காலியிலிருந்து எழுந்திருங்க, அப்புறம் பேட்டைப் பத்திப் பேசலாம்” என்றார் பிசியோ தம்பி. ஓட்டமும் குதிப்பும் வேண்டாமாம். நடை, சைக்கிள், நீச்சல் தாராளமாக. நீச்சலுக்கு இங்கே எங்கே போக?

பிப்ரவரி 10
“ஆண்டி மர்ரேவே திரும்பி வந்துட்டாரு மாமா!” என்கிறான் அக்கா மகன். டென்னிஸ் வீரர் மர்ரேவுக்கு 2019 ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது இடுப்பில். அதுவும் முழு மாற்று இல்லை, பந்துமூட்டின் மேற்பரப்புக்கு உலோக உறை. அப்போது அவருக்கு வயது 31. அதை வைத்து அறுபது தாண்டியவனின் முழங்காலுக்குக் கணக்குப் போடக் கூடாது. ஆனால் ஒன்று: அவரும் அந்த ஜூனில் குவீன்ஸ் போட்டியில் இரட்டையர் ஆட்டத்தில்தான் திரும்பினார், கோப்பையும் வாங்கினார். ஒற்றையர் பட்டம் அக்டோபரில்தான், ஆன்ட்வெர்ப்பில்.

மார்ச் 2
டாக்டர் சரி என்றார், இரட்டையர் மட்டும். பின்வரிசை முழுக்கக் கூட்டாளி பொறுப்பு. நெட் பக்கம் எனக்கு. வேகமாகத் திரும்பினால் உள்ளே ‘டக்’ என்கிறது. வலி இல்லை. தழும்புக்கு வெளிப்பக்கத் தோல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. தலைக்கு மேல் உயர்ந்த இறகுப்பந்தை எம்பி அடிக்கக் கால் பரபரத்தது, விட்டுவிட்டேன். மெதுவாகத் தட்டி விழவைத்த டிராப்பில் ஒரு பாயிண்ட் கிடைத்தது. இந்த ஆட்டம் எனக்குப் பழையதைவிடப் பிடித்திருக்கிறது. இளவட்டங்கள் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 9
ஆபரேஷனுக்கு நாள் குறித்த ஒருவர் வந்தார். செலவைத்தான் கேட்டார். செயற்கை முட்டிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவிலை வைத்தது; கோபால்ட்-குரோமியம் வகைக்கு அப்போது ரூ.54,720, ஜிஎஸ்டி தனி. அந்த விவரமெல்லாம் விரல்நுனியில் வைத்திருக்கிறார். பிசியோவிடம் பேசினீர்களா என்றால், “அது அப்புறம் பார்த்துக்கலாம்” என்கிறார். நம் பக்கத்தில் பாதிப் பேர் தையல் பிரித்ததும் பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு முட்டி மடங்கவில்லை என்று டாக்டரைத் திட்டுகிறார்கள். ஆபரேஷனுக்கு முன்பே பிசியோவைப் பாருங்கள். தொடைக்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள். என்ன விளையாட்டு ஆட நினைக்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.