நாகமும் அளவும்

சித்த மருத்துவத்தில் 'நாகம்' என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே சொல் ஈயத்தைக் குறிக்கும். முன்னது உடலுக்கு இன்றியமையாதது, பின்னது நஞ்சு. சொல்லாராய்ச்சியில் பழகிய நமக்கு இது சுவையான செய்தி. ஆனால் துத்தநாகம் ஒன்றே இருமுகம் உடையது என்பதுதான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

பீகாரில் 1928இல் பிறந்த மருத்துவர் ஆனந்த பிரசாத், ஈரானின் ஷிராஸ் நகரில் பணியாற்றியபோது, 21 வயதாகியும் பத்து வயதுச் சிறுவனைப் போல் வளர்ச்சி குன்றிய ஒருவரைக் கண்டார். துத்தநாகக் குறைவே காரணமாகலாம் என்று 1961இல் எழுதினார். எகிப்தில் நடத்திய ஆய்வு 1963இல் அதற்குச் சான்று தந்தது. 2022இல் மறைந்த அவருடைய பிற்கால ஆய்வுகள் நோய் எதிர்ப்பாற்றலின் பக்கம் திரும்பின. துத்தநாகம் குறைந்தால் கிருமியோடு போரிடும் டி அணுக்கள் தளர்கின்றன, அழற்சியோ மிகுகிறது. வெள்ளணுக்களில் அழற்சியைத் தூண்டும் புரதத்திற்குக் கடிவாளமிடும் ஏ20 என்னும் புரதத்தின் செயல் துத்தநாகத்தைச் சார்ந்திருப்பதே இதற்கு ஒரு காரணம்.

அவ்வாறாயின் அள்ளிக் கொடுத்துவிடலாமா? கிருமிக்கும் அந்த உலோகம் வேண்டும். ஆகவே தொற்று நேர்ந்ததும் கல்லீரல் குருதியிலுள்ள துத்தநாகத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்கள் எஞ்சியதைக் கால்புரொடெக்டின் என்ற புரதத்தால் பற்றிக் கிருமியைப் பட்டினி போடுகின்றன. முற்றுகைக் காலத்தில் நெல்லைக் கோட்டைக்குள் அடைப்பதை ஒத்த தந்திரம் இது. அளவுக்கு மீறிய துத்தநாகத்தை நெடுநாள் உண்போர்க்கோ உடலில் செம்பு குறைந்து, அந்த நியூட்ரோபில்களே அருகிப் போகின்றன.

எந்த நோய்க்கு என்பதும் முக்கியம். தில்லிக் குழந்தைகளிடம் நடந்து 1995இல் வெளியான ஆய்வில் துத்தநாகம் வயிற்றுப்போக்கின் நாள்களைக் குறைத்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் 2006ஆம் ஆண்டு ஆய்விலோ, கடும் நிமோனியா கண்ட இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதனால் பயன் ஏற்படவில்லை. 2020இல் கொரோனாவுக்கு அஞ்சி நாமெல்லாம் துத்தநாக மாத்திரைகளை விழுங்கியபோது இந்த வேறுபாட்டை யார் நினைத்தோம்?

மறுபுறம், உரிய இடத்தில் அது கைவிடப்படுகிறது. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் துத்தநாக மாத்திரை தருவது நம் நாட்டு வழக்கம். சுரண்டையில் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் தாய்மாரிடம் கேட்டால், "வயித்தால போறது நின்னுட்டுல்லா சார், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்பார்கள். நியாயமான கேள்விதான். போக்கு நின்றபின் தரும் மாத்திரை, இழந்த துத்தநாகத்தை ஈடுசெய்கிறது. அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் நோய் மீண்டும் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. இவ்வளவையும் எளிய தமிழில் அவர்களுக்குச் சொல்வதும் தமிழ் கற்றோரின் கடன்தானே?