குண்டு விழுந்த தூரம்

கடலூருக்குப் போனால் தேவனாம்பட்டினத்துக் கோட்டை இருந்த இடத்தை ஒருமுறை எட்டிப் பார்க்காமல் நான் அண்ணாகிராமம் திரும்புவதில்லை. 1690-ஆம் வருஷம் இங்கிலீஷ்காரர்கள் அந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள். அதோடு ஒரு வேடிக்கையான ஷரத்து: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு விழும் தூரம்வரை உள்ள கிராமங்களும் வாங்கியவருக்கே சொந்தம்! வியாபாரிகள் அல்லவா, நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்தே வரவழைத்துவிட்டார்கள். குண்டு உப்பலவாடிக்கு அப்படித்தான் பெயர் வந்தது என்பார்கள்.

எங்கள் ஊர்வரை குண்டு எட்டவில்லை. இதில் எனக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு பெருமை.

பீரங்கிப் படையில் இருக்கும் என் அக்காள் மகன் போன மாதம் லீவில் வந்தபோது அந்தப் பெருமையைக் கெடுத்தான். "இப்போது அங்கிருந்து சுட்டால் பண்ருட்டியைத் தாண்டிப் போகும், மாமா" என்றான். பிரான்சு தேசத்துச் 'சீசர்' பீரங்கி நாற்பது கிலோமீட்டர் எட்டுமாம். ஆறு சக்கர லாரியின் முதுகிலேயே அதை ஏற்றியிருக்கிறார்கள்.

ஆவடியில் விஜயந்தா டாங்கியின்மேல் 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றினார்களே, அது சங்கிலிச் சக்கரம். சேற்றிலும் மேட்டிலும் போகும். ஆனால் தூர தேசம் போக அதையே வேறு வண்டியில் ஏற்ற வேண்டும். லாரிப் பீரங்கியோ நம் பஸ்ஸைப் போல ரஸ்தாவில் தானே ஓடும். நின்று, ஒரு நிமிஷத்தில் ஆறு குண்டு போட்டுவிட்டு, உடனே கிளம்பிவிடும். பறக்கும் குண்டை எதிரியின் ரேடார் பார்த்து, புறப்பட்ட இடத்தைக் கணக்குப் போட்டுவிடுமாம். 2022 முதல் உக்ரைன் யுத்தத்தில் நடப்பது இதுதான். போதாததற்கு மேலே டிரோன்கள் வேறு.

பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்த அக்காள் நிமிர்ந்தாள்.

"ஏண்டா, நீங்கள் ஓடிவிடுவீர்கள். பதில் குண்டு எங்கே விழும்?"

"நாங்கள் நின்ற இடத்தில்தான், அம்மா."

"அங்கே வீடுவாசல் இருந்தால்?"

அவன் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் இருவரும் முந்திரித் தோப்புப் பக்கம் போனோம். அக்காளின் புருஷன் வைத்த மரங்கள். அண்ணாந்து கிளைகளைப் பார்த்த பையன், "இங்கே லாரியை நிறுத்தலாம், மாமா. மேலேயிருந்து தெரியாது" என்றான்.

சொன்னவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.