வாழும் இடமும் வாக்கிடும் இடமும்

இந்திய அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயதுவந்த குடிமக்கள் அனைவருக்கும் வாக்குரிமை அளிக்கிறது. அவ்வுரிமை பறிபோவதற்கான காரணங்களையும் அதே பிரிவு அடுக்குகிறது: வசிக்காமை, மனநலமின்மை, குற்றம், தேர்தல் முறைகேடு. அவ்வரிசையில் முதலில் நிற்பது வசிக்காமை.

ஒடிசாவின் கஞ்சாம் மாவட்டத்திலிருந்து சூரத்தின் விசைத்தறிக் கூடங்களுக்குச் சென்ற தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். 12 மணி நேர வேலை. பகல்முறைக்காரர் எழுந்த பாயில் இரவுமுறைக்காரர் படுக்கும் கூட்டறை. ஆண்டின் பெரும்பகுதி அங்கேயே கழிகிறது. ஆயினும் வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில் இல்லை. வீடும் குடும்பமும் ஊரில்.

1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒருவர் ‘வழக்கமாக வசிக்கும்’ தொகுதியிலேயே வாக்காளராகப் பதிய முடியும். அதுவும் ஒரே தொகுதியில். அங்கு வீடு இருப்பது மட்டுமே வசிப்பாகாது என்கிறது 20ஆம் பிரிவு. தற்காலிகமாக வெளியே சென்றதால் வசிப்பு அறுந்துவிடாது என்பதும் அதே பிரிவுதான். எத்தனை மாதம் வரை தற்காலிகம் என்பதைச் சட்டம் வகுக்கவில்லை. அந்த மௌனத்தில்தான் அத்தொழிலாளியின் வாக்கு ஊசலாடுகிறது.

2024இல் கஞ்சாமின் பெர்ஹாம்பூர் தொகுதியில் மே 13 அன்று வாக்குப்பதிவு நடந்தது. ஊரில் பெயர் வைத்திருந்தவர், ஒரு நாளுக்கும் மேற்பட்ட ரயில் பயணத்தையும் பல நாள் கூலி இழப்பையும் ஏற்றாக வேண்டும். பெயரைச் சூரத்துக்கு மாற்றிக்கொண்டவருக்கோ வாக்குச்சாவடியே இல்லை. பிற வேட்புமனுக்கள் தள்ளுபடியாகியும் திரும்பப் பெறப்பட்டும் போக, எஞ்சிய ஒரே வேட்பாளர் ஏப்ரல் 22 அன்றே போட்டியின்றி வென்றதாக அறிவிக்கப்பட்டார்.

சட்டம் வளையாததன்று. படைவீரர்க்கு அஞ்சல் வாக்கு உண்டு. இடம்பெயர்ந்த காஷ்மீர் மக்களுக்கு ஜம்முவிலும் டெல்லியிலும் சிறப்புச் சாவடிகள் உண்டு. வெளிநாடுவாழ் குடிமக்கள் சொந்தத் தொகுதியில் பதிய 2010ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்தது. நேரில் வந்து வாக்களிப்பது மட்டும் கட்டாயம். உள்நாட்டுப் புலம்பெயர்ந்தோருக்காக, 72 தொகுதிகளின் வாக்குகளை ஒரே சாவடியில் பதியும் தொலைநிலை இயந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. எதிர்க்கட்சிகள் பல ஐயம் எழுப்பின. தொலைவுச் சாவடியில் முகவர் யார், தேர்தல் நடக்காத மாநிலத்தில் நடத்தை விதிகள் செல்லுமா என்ற வினாக்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் விடை தேடும் முயற்சி அத்துடன் தேங்கிவிட்டது.

வாக்கிழப்பு ஒரு நாளோடு முடிவதில்லை. சூரத்தின் கூட்டறைக்குக் குடிநீர் கேட்கும்போது அவர் அங்கே வெளியூர்க்காரர். கஞ்சாமின் பள்ளிக்கு ஆசிரியர் கேட்கும்போது அவர் ஊரில் இல்லாதவர். இரு தொகுதிகளின் உறுப்பினர்களுக்கும் அவருக்கு விடையளிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. வசிப்பிடம் என்பது உரிமையைப் பதிந்துவைக்கும் முகவரியாக இருக்க வேண்டுமேயன்றி, அதை மறுக்கும் காரணமாக அன்று.