நாஞ்சில் வயலும் நவம்பர் ஒன்றும்

நவம்பர் 1, சங்கரன்கோவில்

எல்லைப் போராட்டத் தியாகிகளை நினைக்கும் நாள். 1956இல் இதே தேதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து, சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டமாயின. எங்களுக்கு மேற்கே இருக்கும் செங்கோட்டை தாலுகா திருநெல்வேலியோடு சேர்ந்ததும் அன்றுதான். அதுவும் முழுசாக வரவில்லை. ஆரியங்காவுப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது. சேர்த்துக் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் வரவே இல்லை. மார்ஷல் நேசமணியின் பின்னால் திரண்டவர்களும், 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிரை விட்டவர்களும் கேட்டது தாய்மொழியில் நடக்கும் ஆட்சியை, அதனோடு சேர்ந்து வரும் மரியாதையை. அந்தக் கோரிக்கையின் நியாயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் எல்லையைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் குமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டின் நெல்லைப் பற்றியும் ஒரு வழக்கு எழுகிறது. கேரளத்தோடு இருந்திருந்தால் வயல் பிழைத்திருக்கும் என்கிறார்கள் சிலர். கேரளம் தண்ணீரை மறித்ததால்தான் வயல் போயிற்று என்கிறார்கள் வேறு சிலர். இரு தரப்பும் குற்றத்தை எல்லைக்கோட்டின் மேல்தான் சுமத்துகிறார்கள். அந்தக் குற்றச்சாட்டு நிற்காது என்றே எனக்குப் படுகிறது.

நவம்பர் 2

நாஞ்சில் மண்ணுக்காக அரசுகள் ஏன் அடித்துக்கொண்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலைக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் சிறு நிலம் அது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே வந்து சேரும். ஆண்டுக்கு இரண்டு நெல்: கன்னிப்பூ, கும்பப்பூ. வானம் பார்த்த எங்கள் கரிசலில் நின்று நினைத்தால் அது எவ்வளவு பெரிய வரம் என்பது புரியும். மதுரை நாயக்கர் படை அங்கே இறங்கியதும், 1635இல் கணியாகுளத்தில் வேணாட்டுத் தளபதி இரவிக்குட்டிப் பிள்ளை மாண்டதும் இந்த நிலத்தின் விளைச்சலோடு சேர்த்து எண்ண வேண்டியவை. திருவிதாங்கூருக்கு அது நெற்களஞ்சியம். மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மின்சின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே கட்டிய பேச்சிப்பாறை அணை 1906இல் முடிந்தது. கொள்ளளவு மட்டம் 48 அடி. பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள் பிறகு சேர்ந்தன; 1966இல் மாத்தூர் தொட்டிப்பாலம் பள்ளத்தாக்கின் மேலாகவே தண்ணீரைக் கொண்டுபோனது. கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த நான்கு தாலுகாக்கள் வந்தபோது கோதையாறும் அதன் அணைகளும் சேர்ந்தே வந்தன. எங்கள் பக்கம் அந்தக் கொடுப்பினை இல்லை. சிவகிரி, வாசுதேவநல்லூர்க் குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பிய செண்பகவல்லி அணை மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. உடைந்தது உடைந்தபடியே கிடக்கிறது.

நவம்பர் 4

எல்லைதான் காரணம் என்றால் அதைச் சோதித்துப் பார்க்கக் குமரி மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. விளவங்கோடு தாலுகாவில் சுமார் 9,200 ஏக்கருக்கு நெய்யாறு இடதுகரைக் கால்வாய்தான் பாசனம். அணை கேரளத்தில். 2004இல் தண்ணீர் நின்றது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இது நடந்த அநியாயம், இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. ஆனால் விளவங்கோட்டின் மேட்டு நிலம் ரப்பருக்கு மாறியது 2004க்கு வெகு காலம் முன்பே. கோதையாற்றுத் தண்ணீர் நிற்காமல் வந்த தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் நெல் குறைந்துகொண்டேதான் போனது. வயல் வாழைக்கும் தென்னைக்கும் வீட்டுமனைக்கும் போனது, நான்கு வழிச்சாலை குளங்களையும் பத்து எனப்படும் வயல்வெளிகளையும் அறுத்துக்கொண்டு போனது. தண்ணீர் நின்ற இடத்திலும் நெல் இல்லை, வந்த இடத்திலும் இல்லை என்றால் நோய் வேறெங்கோ இருக்கிறது. இன்னொரு சாட்சி ராதாபுரம். கோதையாற்றுப் பாசனத்தின் கடைமடை அது. திருநெல்வேலி மாவட்டத்தில், அதாவது ஒரே மாநிலத்துக்குள் இருக்கிறது. அங்கும் தண்ணீர் வரவில்லை என்று ஆண்டுதோறும் குரல் எழுகிறது. குறுக்கே மாநில எல்லை எதுவும் இல்லை. மேலே இருப்பவனுக்குப் போக மீதி கீழே என்ற வழக்கம், மாவட்டக் கோட்டுக்கும் மாநிலக் கோட்டுக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

நவம்பர் 5

கேரளத்தோடு இருந்திருந்தால் வயல் நின்றிருக்கும் என்பதற்குப் பதில் கேரளத்தின் கணக்கே. எழுபதுகளின் நடுவில் அங்கே சுமார் 8.8 லட்சம் ஹெக்டேரில் நெல் விளைந்தது. இன்று 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. 2008இல் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது பெரும்பகுதி போய்விட்டிருந்தது. குமரியில் நடந்ததும் அதே கதையின் தெற்குப் பக்கம்தான்: கூலி கேரளத்தை ஒட்டியே உயர்ந்தது, படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெருநகரங்களுக்கும் போனார்கள், அனுப்பிய பணம் மனையாயிற்று. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, சதுரக் கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் மக்கள். இந்த நெருக்கடியில் ஒரு சென்ட் மனையின் விலையோடு நெல் எப்படிப் போட்டியிடும்? இதற்கும் முந்தைய விதை ஒன்று உண்டு. எல்லைப் பேச்சில் அதை யாரும் சொல்வதில்லை. நாஞ்சில் வேளாளரிடம் சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போன மருமக்கள்வழி உரிமை அநியாயமானது. கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம் அதன் கொடுமையைக் காட்டியது, 1926இன் சட்டம் அதைத் தீர்த்தது. தீர வேண்டியதுதான். ஆனால் தறவாடு என்ற கூட்டுக் குடும்பத்தின் வயல் அதன்பின் பங்கு பங்காகப் பிரிந்தது. கோட்டைக் கணக்கில் விதைத்த குடும்பத்தின் பேரன் கையில் சில சென்ட்டுகளே மிஞ்சின. அத்தனை சிறிய துண்டில் ஏர் திரும்பவும் இடமில்லை, அறுவடை இயந்திரம் இறங்கவும் வழியில்லை.

நவம்பர் 7

லாபம் தராத பயிரை விட்டுவிடுவது உழவனின் உரிமை, அதைத் தடுக்க நாம் யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நெல் வெறும் சரக்கு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் கடலோர நாட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும் வயல் குளத்தைக் காக்கிறது, கிணற்றின் உப்பைத் தள்ளி வைக்கிறது, பெருமழையில் ஊருக்குள் வெள்ளம் புகாமல் வாங்கிக்கொள்கிறது. அந்த வேலையின் பலன் வயலில்லாதவனுக்கும் போகிறது. செலவு மட்டும் வயல்காரன் தலையில். விலையில் சேராத இந்தப் பங்கை ஊர்தான் கொடுக்க வேண்டும். கேரளம் 2020இல் நெல்வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. தொகை சிறிது, ஒரு நடவுக் கூலிக்கும் காணாது. ஆனால் கொடுக்கும் காரணம் சரி. தமிழ்நாடு இதைப் பல மடங்காக உயர்த்தி முதலில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பத்துகளில் கொண்டுவர வேண்டும். கொள்முதல் நிலையம் கன்னிப்பூ அறுப்புக்கு முன்னால் திறந்திருக்க வேண்டும். நெய்யாற்று வழக்கைத் தொடர வேண்டும். அதே குரலில் ராதாபுரத்தின் பங்கையும் கேட்க வேண்டும். கேரளத்திடம் கேட்கும் நியாயத்தை ராதாபுரத்துக்கு நாமே மறுத்தால் அந்த வழக்கை எந்த முகத்தோடு நடத்துவது?