எரிபொருள் பம்பும் பத்து அளவைகளும்

மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்கிச் சொல்வான். வகுப்பில் நடத்தும்போது காண்டலையும் கருதலையும் மாணவர் எளிதில் பற்றிக்கொள்வர். அபாவம் வந்ததும் முகங்கள் சுருங்கும். ஒன்று இல்லை என்று அறிவதும் அறிவுதான் என்பதற்குப் பானை இல்லாத தரையையே நாம் நெடுங்காலம் உதாரணம் காட்டிவந்தோம். இப்போது காரின் எரிபொருள் பம்பைக் காட்டுகிறோம்.

கார்புரேட்டர் வைத்த பழைய கார்கள் பலவற்றில் பம்பு எஞ்சினோடு ஒட்டியிருக்கும். கேம்ஷாஃப்ட் அசைக்க, உள்ளிருக்கும் சவ்வு ஏறி இறங்கிப் பெட்ரோலை இழுக்கும். கண்ணால் பார்க்கலாம், கையால் கழற்றலாம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகி இன்ஜெக்ஷன் முறை பரவியபோது, பம்பு மின்மோட்டாராகி டேங்குக்குள் மூழ்கிவிட்டது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிர்விக்கிறது. எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது பம்புக்கு ஆகாது என்பது இதனால்தான். கண்ணுக்கு மறைந்ததைச் செவியால் அறியவேண்டிய நிலை.

சாவியை ஸ்டார்ட் வரை திருப்பாமல் 'ஆன்' நிலையில் நிறுத்தினால், பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் பம்பு ஏறத்தாழ 2 நொடி ஓடி நிற்கும். பின்னிருக்கைப் பக்கம் வண்டின் ரீங்காரம்போல மெல்லிய ஒலி எழும்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை நம் காரின் ஸ்டார்ட்டர் சுழன்றது, எஞ்சின் பற்றவில்லை. விடிந்தால் அம்மாவுக்கு டயாலிசிஸ். மெக்கானிக் தொலைபேசியிலேயே தீர்ப்புச் சொன்னார்: "பம்பு போயிருக்கும் சார், மாத்திடலாம்." அவர் சொன்ன தொகை, கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியத்தில் பாதியை விழுங்கும். அனுபவசாலியின் வாக்கும் ஆகமமே. ஆயினும் அது ஓர் அளவை மட்டுமே.

மகள் சாவியைத் திருப்ப, நாம் பின்னிருக்கையில் காதை வைத்தோம். "என்னடா, வண்டிக்கு நாடி பாக்கிறியா?" என்றார் திண்ணையிலிருந்து அம்மா.

ஒலி இல்லை. ஆனால் எதன் இன்மை அது? பம்பு செத்திருக்கலாம், மின்சாரமே அதை எட்டாமலும் இருக்கலாம். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தோம், கம்பி அறுபடவில்லை. அடுத்தது ரிலே. நம் காரில் ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே எண் பொறித்த, ஒரே வகை ரிலேதான். இரண்டையும் இடம் மாற்றி வைத்தோம். மகள் மீண்டும் சாவியைத் திருப்பினாள். இருக்கைக்கு அடியில் வண்டு பாடியது. பழுது ரிலேயில்.

ரிலேயும் நன்றாக இருந்திருந்தால், சாவி திருப்பிய அந்த 2 நொடியில் பம்பின் இணைப்பில் 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் விளக்கால் பார்த்திருப்போம். மின்சாரம் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, பம்பு பேசாதிருந்தால்தான் குற்றம் அதன்மேல் விழும். ஒலி கேட்பதாலேயே பம்பு நலம் என்றும் முடிவுகட்டலாகாது. ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்பு ஓடியும் அழுத்தம் எழாதிருக்கலாம். பல கார்களில் அது ஏறத்தாழ 3 பார் இருக்கவேண்டும். குழாயைக் கழற்றிக் கேஜ் வைத்து அளப்பதைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது. அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் பீறிடும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வீட்டில் செய்யும் சோதனையையும் திறந்தவெளியில், அருகே நெருப்பின்றிச் செய்யவேண்டும்.

மறுநாள் விடியலில் ஹாரன் இல்லாமலே, தெருமுனைதோறும் வேகம் குறைத்து, அம்மாவை அழைத்துச் சென்றோம். புது ரிலேயின் விலை சில நூறு ரூபாய். அதைப் பிற்பகலில் வாங்கிக்கொள்ளலாம். மருத்துவமனையில் அம்மாவின் இரத்தத்தை இழுத்து வடிகட்டிக்கு அனுப்புவதும் ஒரு பம்புதான். அது சுழன்றுகொண்டிருந்தது. சுழல்வதை மட்டும் நம்பாமல், செவிலியர் அழுத்த அளவுகளைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.